பின்சீட்டு வாத்தியார்

கெலமங்கலம் மாதேஷுக்கு வண்டி ஓட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று அவன் அம்மா சரோஜம்மாள் ஊரெல்லாம் சொல்வாள். குறையாகத்தான் சொல்வாள். மாதேஷ் அதைப் பட்டமாக எடுத்துக்கொள்வான்.

டிராக்டரில் தொடங்கியவன், பிறகு ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு ஆட்களை ஏற்றி இறக்கும் கம்பெனி பஸ் ஓட்டினான். திருநெல்வேலிக்காரர்களுக்குத் தமிழ், மாலூர்ப் பக்கத்து ஆட்களுக்குக் கன்னடம், பாகலூர்க்காரர்களுக்குத் தெலுங்கு என்று அவரவர் மொழியில் சத்தம் போட்டு ஏற்றுவான். இதற்குமேல் ஒரு மொழி தனக்குத் தேவைப்படாது என்று நினைத்திருந்தான். முப்பத்தெட்டு வயதில் அரபி கற்றுக்கொள்ள வேண்டி வந்தது.

காரணம் குட்டியானை. சின்ன லோடு வண்டிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். கெலமங்கலத்தைச் சுற்றித் தக்காளியும் ரோஜாவும் கொத்தமல்லியும் விளைகின்றன. ராயக்கோட்டை மண்டிக்கும் ஓசூர் மார்க்கெட்டுக்கும் ஏற்றிப்போக வண்டி போதவில்லை. சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று மாதேஷ் கணக்குப் போட்டான். பர்கூரில் கிரானைட் பட்டறையில் இருந்த மைத்துனன் மூலமாக சவூதிக்கு வீட்டு டிரைவர் விசா வந்தது. போனான். ஒரு வருஷத்தில் குட்டியானை கெலமங்கலம் வந்து சேர்ந்தது. ஓட்ட மாதேஷ்தான் ஊரில் இல்லை. அசோக்குமார் என்ற பையனை டிரைவராகப் போட்டுவிட்டு, வண்டியை மாதேஷின் மனைவி மணிமேகலை பார்த்துக்கொண்டாள்.

சவூதியில் மாதேஷுக்குக் கிடைத்த ஊர் புரைதா. பேரீச்சை விளையும் ஊர். நாட்டிலேயே கட்டுப்பெட்டியான ஊர் என்று மற்ற ஊர் சவூதிகளே கேலி செய்வார்களாம். அபு ஃபைசல் என்பவரின் வீட்டில் வேலை. அவர் அரசு அலுவலகத்தில் ஏதோ அதிகாரி. மாதேஷ் அவரைப் பாபா என்று கூப்பிடுவான். அதிகம் பேச மாட்டார். அவர் மனைவி நூரா பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவர்களோடு அபு ஃபைசலின் தாயார். மாதேஷ் அவரைப் பெரிய மேடம் என்பான். கேட்டை ஒட்டி டிரைவருக்கு ஓர் அறை. வீட்டு வேலைக்கு இந்தோனேசியாவிலிருந்து வந்த ஒரு பெண். அவள் பெயர் சித்தி. அவளைக் கூப்பிடும்போதெல்லாம் தன் அம்மாவின் தங்கையை வேலை வாங்குவது போல மாதேஷுக்குக் கூச்சமாக இருக்கும்.

அந்நிய ஊரில் எது சரி, எது தப்பு என்பது முதல் வருஷம் முழுக்க அவனுக்குத் தலைவலியாக இருந்தது. தேன்கனிக்கோட்டை பேட்டராய சுவாமி படத்தைச் சுவரில் மாட்டலாமா கூடாதா என்று தெரியாமல் சூட்கேஸ் மூடியின் உள்பக்கம் ஒட்டிவைத்தான். காலையில் சூட்கேஸைத் திறந்து கும்பிட்டுவிட்டு மூடிவிடுவான். சாமிக்கு இது சம்மதமா என்று ஒரு சந்தேகம் இருந்தது. சாமி ஒன்றும் சொல்லவில்லை.

ரம்ஜான் மாதம் வந்தது. பகலில் வெளியே யாரும் எதுவும் சாப்பிட மாட்டார்கள். அறைக்குள் சாப்பிடு, எங்களுக்கு ஒன்றுமில்லை என்று அபு ஃபைசலே சொல்லியிருந்தார். ஆனால் மாதேஷிடம் இருந்தது சரோஜம்மாள் சுட்டுக் கொடுத்த முறுக்கு. அதைக் கடித்தால் தெரு முனை வரை கேட்கும். பட்டினி கிடப்பவர்கள் காதில் அது விழலாமா? அவன் முறுக்கை டீயில் ஊறவைத்து, சத்தமில்லாமல் களி மாதிரி விழுங்கினான். போனில் இதைச் சொன்னபோது மணிமேகலை சிரித்தாள். சரோஜம்மாளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவளுக்குத் தெலுங்கு வரும்.

"ஏமிரா, முறுக்க ஊறவெச்சா தின்னுவாங்க? நான் என்னாத்துக்குடா அத்தன நேரம் எண்ணெ சட்டி முன்னாடி நின்னன்?"

ஆனால் அவனை நிஜமாகவே இக்கட்டில் மாட்டிவிட்டது முறுக்கு அல்ல, பெரிய மேடம்.

தினமும் மாலையில் பெரிய மேடம் முற்றத்தில் உட்கார்ந்து அவனுக்கு ஒரு கோப்பை டீ கொடுத்தனுப்புவார். கூடவே ஒரு கேள்வியும் வரும். "இன்று எங்கே போனீர்கள்?" மாதேஷ் மரியாதையாக எல்லாம் சொல்வான். பள்ளிக்கூடம், பிறகு நூரா மேடத்தின் தங்கை வீடு, வரும் வழியில் காபிக் கடை. வயதானவர் பொழுது போகாமல் கேட்கிறார் என்று நினைத்தான்.

ஒரு நாள் பள்ளியிலிருந்து வரும்போது பின்சீட்டிலிருந்து நூரா பேசினார். அவர்களுக்குள் ஓடியது அரபியும் இந்தியும் ஆங்கிலமும் கலந்த ஒரு வீட்டு மொழி. தமிழில் சொன்னால் இப்படி.

"மாதேஷ், நான் காபி குடிச்சதை மாமியார்கிட்ட சொன்னியா?"

"கேட்டாங்க மேடம். சொன்னேன்."

"தங்கச்சி வீட்ல எவ்வளவு நேரம் இருந்தேன்னும் சொன்னியா?"

"சொன்னேன்."

வீட்டு கேட் வந்ததும் நூரா இறங்கிக் கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போனார். ஒவ்வொரு கோப்பை டீக்கும் தான் ஒரு கோள் விற்றுக்கொண்டிருந்தது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

மறுநாள் நூரா இன்னொன்று கேட்டார். பெண்கள் வண்டி ஓட்டலாம் என்று சட்டம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. ரியாத்தில் பெண்கள் சகஜமாக ஓட்டினார்கள். புரைதாவில் அவர் தெருவில் ஒருத்தரும் ஓட்டவில்லை.

"எனக்கு ஓட்டக் கத்துக்கொடு. ஓரளவு பழகிட்டுத்தான் டிரைவிங் ஸ்கூலுக்குப் போகணும். அங்க போய்த் தடுமாறினா ஊருக்கே தெரிஞ்சிடும்."

"பாபாவுக்குத் தெரியுமா மேடம்?"

"தெரியாது. அவருக்கு என்மேல கோபம் வராது. அவருக்கு அவங்க அம்மான்னா பயம்."

மாதேஷ் இரண்டு நாள் தவணை கேட்டான்.

வெள்ளிக்கிழமை மதியம் தெருக்கோடி மளிகைக் கடையில் டிரைவர்கள் கூடுவார்கள். கடை மலப்புரத்து ஹம்ஸாவுடையது. பக்கத்து வீட்டுச் சமையல்காரன் பாஸ்கரன், பட்டுக்கோட்டைப் பக்கம். இரண்டு பேரிடமும் மாதேஷ் விஷயத்தைச் சொன்னான்.

பாஸ்கரன் தயிர் டப்பாவைக் கீழே வைத்தான். "ஏம்ப்பா, அந்தம்மா ஓட்டக் கத்துக்கிட்டா ஒனக்கு இங்க என்னா வேல? நாளைக்கு எங்க மேடம் சமைக்கக் கத்துக்குடுன்னா நான் குடுப்பனா? உப்ப மாத்திச் சொல்லிப்புடுவேன்."

"அவர் சோறு திங்கறோம். அவருக்குத் தெரியாம அவர் சம்சாரத்துக்குச் சொல்லித் தர்றது துரோகமில்லையா, அதச் சொல்லு."

"துரோகமெல்லாம் அப்பறம். அந்தம்மா கொண்டுபோயி செவத்துல இடிச்சா உள்ள போறது நீ."

ஹம்ஸா கல்லாவிலிருந்து நிதானமாகச் சொன்னார். "மாதேஷே, நீ டிரைவர். வண்டியை அங்கே கொண்டுபோ என்று மேடம் சொன்னால் கொண்டுபோகணும். அங்கே போய் அவர் எந்த சீட்டில் இருக்கிறார் என்று நோக்குவது உன் பணியல்ல."

"இதெல்லாம் வக்கீல் பேச்சு," என்றான் பாஸ்கரன்.

"வக்கீல் பேச்சுதான் இந்த நாட்டில் வேண்டியது," என்றார் ஹம்ஸா.

மாதேஷ் அறைக்கு வந்து யோசித்தான். கடைசியில் தனக்கென்று ஒரு நியாயம் செய்துகொண்டு நூராவிடம் போய்ச் சொன்னான். "கத்துத் தர்றேன் மேடம். நானாப் போய் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா பாபா நேரா கேட்டா பொய் சொல்ல மாட்டேன்."

"கேட்டா சொல்லு," என்றார் நூரா. "கேக்கற வழக்கம் அவருக்கு இல்ல."

அடுத்த சிக்கல், யார் எங்கே உட்காருவது. அந்நிய ஆணும் பெண்ணும் தனியாக ஒரு வண்டியில் முன்சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவது அந்த ஊரில் ஆகாத காரியம். மாதேஷுக்கும் அது ஆகாது. அவன் நூராவின் முகத்தையே பார்த்ததில்லை. கண்கள் மட்டும்தான் தெரியும். யோசித்து யோசித்து ஓர் ஏற்பாடு வந்தது. டிரைவர் சீட்டில் நூரா. பக்கத்தில் சித்தி. மாதேஷ் பின்சீட்டில், வழக்கமாக மேடம் உட்காரும் இடத்தில்.

பேரீச்சந்தோட்டங்களைத் தாண்டி, வீட்டுமனை போட்டு யாரும் கட்டாமல் விட்ட பெரிய வெட்டவெளி ஒன்று இருந்தது. பாடம் அங்கே. யானை போல உயரமான வண்டி. கியர் தானாகவே மாறும்; ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும்தான். இரண்டே இரண்டு பெடல் என்பதால் சுலபம் என்று மாதேஷ் நினைத்தது தப்பு. நூரா கணக்கு டீச்சர். எதையும் காரணம் தெரியாமல் செய்ய மாட்டார்.

"எத்தனை டிகிரி திருப்பணும்?"

"கொஞ்சம் திருப்புங்க மேடம்."

"கொஞ்சம்னா எத்தனை?"

"வண்டியே சொல்லும் மேடம்."

வண்டி சொல்வதற்குள் சித்தி சொல்லிவிட்டாள். அவள் தலைக்குமேல் இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, தன் மொழியில் ஏதோ ஓதிக்கொண்டே வருவாள். வண்டி குலுங்கினால் ஓதுவது சத்தமாகும். பின்னால் மாதேஷ் தன் வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து, காலடியில் கிடந்த விரிப்பை ஓட்டையாக்கிவிட்டான்.

மாலையில் டீ வந்தது. "இன்று எங்கே போனீர்கள்?"

"பேரீச்சந்தோட்டம் பக்கம், பெரிய மேடம்."

"அங்கே என்ன இருக்கிறது?"

"மணல்."

பெரிய மேடம் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டீயைக் குடித்தார்.

இதற்கிடையில் கெலமங்கலத்தில் அசோக்குமாரோடு மணிமேகலைக்குப் பெரும்பாடாக இருந்தது. அவனுக்கு அடிக்கடி பெரியப்பா இறந்துவிடுவார். ஒருமுறை தக்காளிக் கூடைகளை வண்டியில் ஏற்றிவைத்த பிறகு போனை அணைத்துவிட்டு ஆளே காணாமல் போய்விட்டான். மண்டி முடிந்து, வெயில் ஏறி, தக்காளி கசிய ஆரம்பித்தது. மணிமேகலை வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சாவி அவள் கையில்தான் இருந்தது. அன்று சாயங்காலம் மாதேஷுக்குப் போன் செய்தாள்.

"ஏங்க, நானே ஓட்டக் கத்துக்கிறன். ஓசூர்ல டிரைவிங் ஸ்கூல் இருக்குது."

மாதேஷ் யோசிக்காமல் சொன்னான். "ஸ்கூட்டின்னா சரி. லோடு வண்டி பொம்பள ஓட்டுனா ஊர்ல என்னா பேசுவாங்க? மண்டில எல்லாம் ஆம்பளங்க. வேற டிரைவர் பாக்கலாம் இரு."

மணிமேகலை போனை வைத்துவிட்டுக் கசிந்த தக்காளியைப் பொறுக்கப் போனாள்.

ஒரு வாரம் கழித்து வீடியோ காலில் அவள் பூண்டு உரித்துக்கொண்டு பேசினாள். அன்று நூரா முதல்முறையாக வண்டியை ரிவர்ஸில் நேராக எடுத்திருந்தார். மாதேஷுக்கு அந்தப் பெருமையை யாரிடமாவது சொல்லாவிட்டால் தூக்கம் வராது. சொன்னான். சித்தி ஓதுவதைச் செய்து காட்டினான். தான் பின்சீட்டில் பிரேக் மிதிப்பதை, கட்டிலில் உட்கார்ந்து நடித்துக் காட்டினான். மணிமேகலை சிரித்துச் சிரித்துப் பூண்டுத் தட்டையே கவிழ்த்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்த மேடத்துக்கு என்னா வயசிருக்கும்?"

"முப்பத்தஞ்சு இருக்கும்."

"எனக்கும் அதேதான."

மாதேஷ் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் பூண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள். "அங்க கத்துக்குடுக்க ஆளு இருக்குது, ரோடு இல்லாம மண்ணுல ஓட்டறாங்க. இங்க ரோடு இருக்குது. ஆளுதான் இல்ல."

"அது வேற, இது வேற, மேகலை."

"என்னா வேற?"

"அது கார். இது லோடு வண்டி. அவங்க ஊரு சட்டம் இப்பத்தான்..."

"நம்ம ஊர்ல சட்டம் எப்ப போட்டாங்க, வேணாம்னு?"

மாதேஷ் போனைத் தூரமாகப் பிடித்தான். "அலோ, அலோ, கேக்கல. நெட்டு சரியில்ல," என்று சொல்லி வைத்துவிட்டான். நெட் அன்று ரொம்ப நன்றாக இருந்தது. அந்தக் குற்றத்தைச் சூட்கேஸைத் திறந்து பேட்டராய சுவாமியிடம் மட்டும் ஒப்புக்கொண்டான்.

அடுத்த முறை மணிமேகலை கேட்கவில்லை, சொன்னாள். "ஸ்கூல்ல சேந்துட்டன். உங்களுக்குத் தெரியாம ஒண்ணும் செய்யக் கூடாதுன்னுதான் சொல்றன். அத்தைக்கும் சொல்லிட்டன்."

"அம்மா என்னா சொன்னாங்க?"

"தெலுங்குல சொன்னாங்க."

மாதேஷ் வாயைத் திறந்தான். என்ன சொன்னாலும் அது நூராவுக்கும் பொருந்தும். பெரிய மேடம் சொல்லக்கூடியதையே தானும் சொல்ல வேண்டியிருக்கும். வாயை மூடிக்கொண்டான். பிறகு, "கிளட்ச்ச ஒரேயடியா விட்ராத," என்று மட்டும் சொன்னான்.

புரைதாவில் குட்டு வெளிப்பட்டது எதிர்பாராத இடத்தில். மாதேஷ் ஆறடி உயரம். நூரா குள்ளம். பாடம் முடிந்ததும் சீட்டைப் பின்னால் தள்ளிவைப்பது மாதேஷின் வேலை. ஒருநாள் யாரும் இல்லாத நேரத்தில் நூரா வீட்டு கேட்டுக்குள்ளேயே ரிவர்ஸ் எடுத்துப் பார்த்தார்; அன்று மறந்துவிட்டான். அன்று பார்த்து அபு ஃபைசல் தானே ஓட்டிக்கொண்டு தொழுகைக்குப் போகலாம் என்று ஏறினார். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. இறங்கி, முழங்காலைத் தடவிக்கொண்டு, மாதேஷை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ குள்ளமாகிவிட்டாயா?"

"இல்லை பாபா."

"அப்படியானால் இந்த சீட்டில் யார் உட்கார்ந்தது?"

நேராகக் கேட்டுவிட்டார். வேலை போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தபோது கூடத்து வாசலில் நூரா வந்து நின்றார்.

"நான்தான்," என்றார்.

புருஷனும் மனைவியும் உள்ளே போனார்கள். மாதேஷ் சூட்கேஸில் துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தான். சித்தி தன் பங்குக்கு அழுதுகொண்டே ஒரு பொட்டலம் சோறு கட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். வெகுநேரம் கழித்து அபு ஃபைசல் கேட் அறைக்கு வந்தார். கட்டிலில் உட்கார்ந்தார். அதற்குமுன் அவர் அந்த அறைக்குள் வந்ததே இல்லை. திறந்திருந்த சூட்கேஸையும் அதன் மூடியிலிருந்த சாமியையும் பார்த்தார். பார்க்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நன்றாக ஓட்டுகிறாளா?" என்று கேட்டார்.

"ரிவர்ஸ் நல்லா எடுக்கிறாங்க பாபா. வலது பக்கம் திரும்பும்போது கொஞ்சம் அவசரம்."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொல்லணும்னுதான் தினமும் நெனச்சேன். உங்க சோறு திங்கறேன். அவங்க ரகசியத்த வெளில சொல்றதும் தப்பு. ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டேன்."

அபு ஃபைசல் தலையாட்டினார். "நானும் அங்கேதான் பல வருஷமாக இருக்கிறேன்," என்றார். "அம்மாவுக்கும் அவளுக்கும் நடுவில்."

நூரா டிரைவிங் ஸ்கூலுக்குப் போனார், லைசென்ஸ் வாங்கினார். இப்போது மிச்சம் இருந்தது பெரிய மேடம். அவரிடம் சொல்ல அபு ஃபைசலுக்குத் தைரியம் வரவில்லை. ஊருக்கு வெளியே அவர்களுக்கு ஒரு தோட்டம் உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் கிளம்பியபோது நூரா ஒன்றும் பேசாமல் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். அபு ஃபைசல் பக்கத்தில். பெரிய மேடமும் சித்தியும் நடுவில். மாதேஷ் கடைசி வரிசையில், சாப்பாட்டுப் பாத்திரங்களோடு. பெரிய மேடம் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. நூரா கண்ணாடியில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். தோட்டத்துப் பாதையில் திரும்பும்போது அவசரப்பட்டார். வண்டி பொலபொல மணலில் இறங்கிப் புதைந்தது. மிதிக்க மிதிக்கச் சக்கரம் இன்னும் கீழே போனது.

"மிதிக்காதே," என்று ஒரு குரல் கேட்டது. பெரிய மேடம்தான். "டயரில் பாதிக் காற்றைப் பிடுங்கு. ஸ்டியரிங்கை நேராக வை. பின்னால் போய், அப்புறம் முன்னால் வா. பிரேக்கைத் தொடாதே."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என் அப்பாவுக்கு ஆடு இருந்தது. ஆடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வண்டியை யார் ஓட்டினார்கள் என்று நினைத்தீர்கள்?" என்றார் பெரிய மேடம். "கல்யாணத்தோடு சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்."

மாதேஷ் இறங்கிக் காற்றைப் பிடுங்கினான். வண்டி வெளியே வந்தது. திரும்பி வரும்போது பெரிய மேடம் வழி நெடுக நூராவுக்கு யோசனை சொல்லிக்கொண்டே வந்தார். பின்சீட்டு வாத்தியார் வேலை கைமாறிவிட்டது என்று மாதேஷுக்குப் புரிந்தது.

பாஸ்கரன் சொன்னதும் பலித்தது. விசா முடியும் சமயத்தில் அபு ஃபைசல் தயங்கித் தயங்கி வந்து நின்றார். "நீ இன்னும் கொஞ்சம் மோசமாகக் கற்றுக்கொடுத்திருக்கலாம்," என்றார். மாதேஷுக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. கிளம்பும் நாளில் அவனை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டது நூராதான், அபு ஃபைசலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பெரிய மேடம் பேரீச்சம்பழப் பெட்டி ஒன்றும், "வாயை அடக்கத் தெரிந்த டிரைவர், கொஞ்சம் தாமதமாகத் தெரிந்துகொண்டான்," என்ற சான்றிதழும் கொடுத்தனுப்பினார்.

பெங்களூரில் இறங்கி, பஸ் மாறி, ஓசூர் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றான் மாதேஷ். காலி தக்காளிக் கூடைகளோடு குட்டியானை வந்து ஓரங்கட்டியது. டிரைவர் சீட்டில் மணிமேகலை, சேலைமேல் ஒரு ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டு. அவனுடைய சட்டைதான்.

வேலை போன செய்தி அவளுக்கு முன்பே தெரியும். "இளைச்சுட்டீங்க," என்றாள்.

மாதேஷ் பெட்டிகளைப் பின்னால் கூடைகளுக்கு நடுவில் போட்டுவிட்டு, பழைய பழக்கத்தில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தான்.

"அந்தப் பக்கம் வாங்க," என்றாள்.

கெலமங்கலம் ரோட்டில் ஏறியதிலிருந்து அவன் வாய் ஓயவில்லை. லாரிக்கு வழி விடு, இங்க ஸ்பீட் பிரேக்கர் இருக்குது, மூணாவது போடு, ஆரன் அடி. ஒரு டீக்கடை வந்ததும் மணிமேகலை வண்டியை ஓரமாக நிறுத்தி, இஞ்சினை அணைத்தாள்.

"ஏங்க, நான் தெனமும் இந்த ரோட்ல போயி வர்றன். இத்தன நாளா எனக்கு யாரு மூணாவது போடச் சொன்னாங்க?"

மாதேஷ் யோசித்துப் பார்த்தான். "ஒருத்தரும் இல்ல," என்றான்.

"டீ குடிக்கலாமா?"

குடித்தார்கள். டீக்கடைக்காரர் மணிமேகலையைப் பார்த்ததும் கேட்காமலே சர்க்கரை குறைத்துப் போட்டார். ஆரம்பத்தில் ஊரில் பேசினார்களா என்று மாதேஷ் மெதுவாகக் கேட்டான்.

"பேசுனாங்க. பசங்க பின்னாடியே பைக்ல வந்து கிண்டல் பண்ணுச்சுங்க. மண்டில ஒரு ஆளு, புருசன் அனுப்பற பணம் பத்தலியான்னு கேட்டான். ரெண்டு நாளு அழுதன். உங்ககிட்ட சொன்னா வேணாம்பீங்கன்னு சொல்லல."

"அப்புறம்?"

"அப்புறம் தக்காளி நேரத்துக்குப் போச்சு. எங்கூட்டுத் தக்காளியும் ஏத்திக்கம்மான்னு தோட்டத்துக்காரங்க கூப்புட ஆரம்பிச்சாங்க. கிண்டல் பண்ண நேரமில்லாம போச்சு."

"அம்மா?"

"தேன்கனிக்கோட்டை தேருக்கு முன்சீட்ல ஒக்காத்தி வெச்சுக் கூட்டினு போனன். அதுலேருந்து பஸ்ஸே ஏற மாட்டன்றாங்க."

வீட்டில் சரோஜம்மாள் மகனைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, பேரீச்சம்பழப் பெட்டியைப் பிரித்தாள். ஒன்றைத் தின்று பார்த்து, "இதுக்குக் கொட்டையே ஜாஸ்தி," என்றாள். இன்னொன்று எடுத்துக்கொண்டாள்.

மாதேஷ் பழைய கம்பெனி பஸ் வேலைக்கே போய்ச் சேர்ந்தான். வண்டியைத் தானே எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு நினைப்பு அவனுக்கு இல்லாமல் இல்லை. வந்த மூன்றாம் நாள் சாவியைத் தேடவும் தேடினான். அது மணிமேகலையின் இடுப்பில் இருந்தது. கேட்கவில்லை.

ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல். மாதேஷ் லீவு போட்டுவிட்டுத் தக்காளியை ஏற்றிக்கொண்டு ராயக்கோட்டை மண்டிக்குப் போனான். வண்டியை நிறுத்தியதும் மண்டிக்காரர் வெங்கடப்பன் எட்டிப் பார்த்தார்.

"வண்டி தெரியுது. ஆளு தெரியலியே. அக்கா வர்ல?"

"காய்ச்சலுங்க. நான் அவங்க வூட்டுக்காரரு."

"ஓ, சவூதில இருந்தவரா?" வெங்கடப்பன் அவனை ஒருமுறை பார்த்துவிட்டு, வரிசையில் நின்ற லாரிகளைக் கையால் ஒதுக்கி வழி காட்டினார். "அப்பிடியே ரிவர்ஸ்ல வந்து அந்தத் தூணுகிட்ட எறக்குங்க. அது அக்கா எடம். பாத்து வாங்க, தூணு இடிக்கும். அக்கா ஒரே எடுப்புல எடுக்கும்."

மாதேஷ் வண்டியில் ஏறினான். இரண்டாவது எடுப்பில் சரியாக வந்தது.